மஞ்சள் போன ஸ்டூல்

அத்தியாயம் 17

போன வாரம் சூர்யா அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது ஹேமாவதி கூடத்தில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள். "மா, காலேஜ்ல காட்டிட்டு எடுத்துட்டு வந்துடறேன்" என்று மகன் சொன்னதும், "ம்" என்று இவள் சொன்னதும் உண்மை. எதை எடுத்துப் போகிறான் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. கல்யாண வீட்டில் யார் யாரை நிமிர்ந்து பார்க்கிறார்கள், சொல்லுங்கள்?

பார்த்திருக்கலாம். பூஜை அறையில் சீர்ப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்ததால் ஸ்டூல் இருக்கும் மூலை யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் படையலுக்காகப் பாத்திரங்களை நகர்த்தினாள். மூலை காலி. ஸ்டூலின் மேல் எப்போதும் போர்த்தியிருக்கும் பழைய வேட்டி மட்டும் மடித்து வைத்தபடி கிடந்தது. மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவு பொறுப்பான பிள்ளை.

"சூர்யா!" என்று ஹேமாவதி போட்ட கூப்பாட்டில் மாடி போர்ஷன்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வட்டமான தேக்குப் பலகை, உட்காரும் இடத்தில் லேசாகக் குழித்தது. நடுவில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு திருகுக் கம்பி. பலகையைச் சுற்றினால் ஏறும், இறங்கும். கீழே வெளிப்பக்கம் விரிந்த இரும்புக் கால்கள், பாதம் வைக்க ஒரு வளையம். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மெஷின் கம்பெனி இருந்தது. அறுபதுகளில் அந்தக் கம்பெனியின் டிராயிங் ஆபீசுக்காகச் செய்த ஸ்டூல் அது. அங்கே படங்களைப் பிரதி வரையும் டிரேசராக வேலை பார்த்த புஷ்பலதா, கம்பெனியை மூடும்போது கேட்டு வாங்கி வந்தாள். புஷ்பலதா, ஹேமாவதியின் கணவர் அரிகிருஷ்ணனின் மூத்த மனைவி. மகள் நிஷா பேசப் பழகிக்கொண்டிருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பூவும் பொட்டுமாகப் போனவள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரும் மாடும் இருந்த காலத்திலிருந்தே இருக்கிற குடும்பங்களில் அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடி வீடான பிறகும் அது மாறவில்லை. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. பம்பை அடித்துக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து, அந்தக் குடத்துக்குப் புடவை கட்டி, பூ வைத்து, இலை போட்டுப் படைத்து, 'வந்து நடத்திக் குடும்மா' என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் குடத்தை மணையில் வைப்பது வழக்கம். புஷ்பலதாவுக்கு மட்டும் அவள் ஸ்டூல். அது அரிகிருஷ்ணனின் அக்கா அங்காளம்மாளின் ஏற்பாடு. "ஆபீசுக்குப் போய் வந்தவ. தரையில குந்த வெச்சா கோச்சுக்குவா" என்று முதல் படையலிலேயே சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு விசேஷத்துக்கும் பலகை முழுக்க மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைப்பார்கள். கழுவக் கூடாது. பழையதன் மேல் புதியது, அதன் மேல் இன்னும் புதியது என்று ஏறி, சுவருக்குப் பூச்சு வேலை செய்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. கீழே மரமா இரும்பா என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதில் யாரும் உட்காரவும் கூடாது.

ஹேமாவதி இரண்டாவதாக வாழ வந்தவள். வந்த அன்றைக்கே அந்த ஸ்டூலுக்கு விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சினாள்.

சூர்யா பல் துலக்கியபடியே வந்தான். ஆர்க்கிடெக்சர் படிக்கிறவன், காட்டாங்குளத்தூர் பக்கம் கல்லூரி.

"ஸ்டூல் எங்கடா?"

"சொன்னேனேமா. ஸ்ரீவித்யா மேடம்கிட்ட இருக்கு. கீழ்க்கட்டளை."

"காலேஜ்ல காட்டிட்டு வரேன்னுதானேடா சொன்னே?"

"காட்டினேனே. மேடம் அன்னிக்கு கெஸ்ட் லெக்சருக்கு வந்திருந்தாங்க. பார்த்துட்டு அதையே சுத்திச் சுத்தி வந்தாங்க. மிட் செஞ்சுரி பீஸ்மா அது. வெளிநாட்டுல மியூசியத்துல வைக்கிற டிசைன். போட்டோ எடுத்துட்டு, க்ளீன் பண்ணித் தரேன்னாங்க."

"க்ளீனா?"

சூர்யா துலக்குவதை நிறுத்தினான். அந்த ஒரு சொல்லின் விபரீதம் அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"இன்னிக்கு சாயங்காலம் படையல்டா. உங்க அத்தை மத்தியானமே வந்துடுவாங்க." ஹேமாவதி பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. எல்லாம் போச்சு."

எல்லாம் என்று அவள் சொன்னது ஸ்டூலை அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிஷாவுக்குக் கல்யாணம். அவள் கையை மாப்பிள்ளை வினோத்குமாரின் கையில் வைத்து, நீர் விட்டுத் தாரை வார்ப்பது யார் என்பதில்தான் மூன்று வாரமாக இந்த வீட்டில் புகைந்துகொண்டிருக்கிறது. நிஷாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பேன் பார்த்தது, டியூஷன் வாசலில் காத்துக் கிடந்தது, அம்மை போட்டபோது வேப்பிலை தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது எல்லாம் ஹேமாவதி. ஆனால் அங்காளம்மாள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "இளையா நின்னு தாரை வாக்கற பழக்கம் நம்ம வூட்ல கிடையாது. நானும் எங்க வூட்டுக்காரரும் நின்னு குடுத்துடறோம்."

வாழ வந்த இத்தனை வருஷத்தில் ஹேமாவதி வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். "நான் நிக்கணும் அண்ணி" என்றாள். "படையல் முடியட்டும், பாக்கலாம்" என்று அங்காளம்மாள் இழுத்தாள். அரிகிருஷ்ணன் வழக்கம்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படையல் அன்றைக்கே மூத்தாளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள் இளையாள் என்று ஊர் பேசினால், அப்புறம் தாரை என்ன, மண்டபத்தில் பந்தி பரிமாறக்கூட விடமாட்டார்கள்.

"எடுடா வண்டியை" என்றாள் ஹேமாவதி.

சூர்யா செம்பாக்கம் வழியாக வண்டியை விரட்டினான். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்தை ஒட்டி வண்டிகள் ஊர்ந்தன. சூர்யா ஹெல்மெட்டைத் திருப்பி, "நான் அத்தைகிட்ட சொல்லிடறேன்மா. நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு" என்றான்.

"நீ வாயைத் திறக்காதே. 'பையன் எடுத்தானாம், ஆத்தாக்காரி சொல்லித்தான் எடுத்தானாம்'னு முடிப்பாங்க. உன்ன யாரும் திட்டப் போறதில்ல. ஆம்பளப் புள்ள."

ஸ்ரீவித்யாவின் பட்டறை கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் இருந்தது. பழைய மேஜை, பழைய அலமாரி, கை போன நாற்காலி, நாற்காலி போன கை என்று ஒரே கூட்டம். அவள் ஹேமாவதியை விட நாலைந்து வயது இளையவள், ஜீன்ஸில் மரத்தூளோடு வந்து நின்றாள்.

"வாங்க வாங்க. நானே சூர்யாவுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். நேத்துதான் முடிஞ்சுது. பாருங்க."

போர்த்தியிருந்த துணியை இழுத்தாள்.

ஹேமாவதிக்கு முதலில் அது வேறு ஸ்டூல் என்றுதான் தோன்றியது. தேனின் நிறத்தில் பலகை. அதில் ரேகை ரேகையாக மரம். கால்களுக்குப் புதுக் கறுப்பு. திருகுக் கம்பி பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை, ஒரு துளி குங்குமம் இல்லை.

"மேல என்னமோ மஞ்சளா, பூஞ்சை மாதிரி, லேயர் லேயரா இருந்துதுங்க. சுவத்துக்குப் பூசற புட்டியை யாரோ அடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன். தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள தோள்பட்டையே போயிடுச்சு" என்று ஸ்ரீவித்யா பெருமையாகச் சொன்னாள்.

"அது எங்க அக்காம்மா" என்றாள் ஹேமாவதி.

"உங்க அக்காவா புட்டி அடிச்சாங்க?"

சூர்யா ஸ்ரீவித்யாவைத் தனியே அழைத்துப் போய்ப் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக விஷயத்தைச் சொன்னான். கேட்கக் கேட்க ஸ்ரீவித்யாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. "ஐயையோ. ஏம்பா, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க க்ளீன்னதும் தூசு தட்டுவீங்கன்னு நினைச்சேன் மேம்."

ஹேமாவதிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, படையல் விரதம். "மா, மா" என்று சூர்யா ஓடி வந்து தாங்கினான். கைக்கு எட்டியதை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். உட்கார்ந்து, ஸ்ரீவித்யா நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று தள்ளி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

துள்ளி எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சுகமாக இருந்தது. குழித்த பலகை உடம்பை வாங்கிக்கொண்டது. பாதம் தானாகப் போய் வளையத்தில் நின்றது. முதுகு நிமிர்ந்தது. மூன்று வாரமாக விடாத இடுப்பு வலிக்கு யாரோ கை கொடுத்த மாதிரி இருந்தது.

"நாள் பூரா குனிஞ்சு வரையறவங்களுக்காகச் செஞ்சது. இடுப்பு போயிடக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சு செஞ்சிருக்காங்க" என்றாள் ஸ்ரீவித்யா மெதுவாக. "சாரிங்க. நிஜமாவே சாரி."

ஹேமாவதி பலகையின் விளிம்பைத் தடவினாள். இந்த ஸ்டூலின் மேல் அவளுக்கு இருந்ததற்குப் பெயர் பொறாமை. வேறு பெயர் வைத்து மூடி மறைப்பானேன்? தலை தீபாவளிப் புடவை முதலில் இதன் மேல்தான் வைக்கப்பட்டது. சூர்யா பிறந்து வீட்டுக்குத் தூக்கி வந்தபோது இதன் காலடியில்தான் கிடத்தினார்கள். போட்டோவாகவும் குடமாகவும் புடவையாகவுமே பார்த்துப் பார்த்து, புஷ்பலதாவுக்கும் இடுப்பு வலித்திருக்கும், பஸ்ஸில் நின்று வந்திருப்பாள், வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு 'அப்பாடா' என்றிருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பாவம் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதும் இதுதான் முதல் தடவை.

"கட்டிக் குடுங்கம்மா. நேரமாச்சு" என்று எழுந்தாள்.

வரும் வழியில் கோவிலம்பாக்கத்தில் நிறுத்தி விரலி மஞ்சள் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து மிக்ஸியில் அரைத்து, கெட்டியாகக் குழைத்து, பலகையில் அப்பினாள். எண்ணெய் கண்ட புது மரம் மஞ்சளைப் பிடிக்கவில்லை. அப்ப அப்ப வழிந்தது. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தான் சூர்யா. காய்ந்ததும் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மறுபடியும் பூசினாள். வாசலில் கார் வந்து நின்றபோது ஸ்டூல் ஈரத்தோடுதான் இருந்தது.

அங்காளம்மாள் உள்ளே வரும்போதே பூக்கூடைக்காரியை அதட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் ஜெயவேலு, பையும் சொம்புமாக. மாடம்பாக்கத்துக்குக் கட்டிக்கொடுத்தவள் என்றாலும் பிறந்த வீட்டின் ரிமோட் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. பெரிய நெற்றி, பெரிய பொட்டு, பெரிய குரல். கெட்டவள் இல்லை. தம்பி பெண்டாட்டி செத்த அன்றைக்கு நிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் இங்கேயே கிடந்தவள். அதை அவள் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடுவதில்லை.

நேரே பூஜை அறைக்குப் போனாள். வேட்டியைத் தூக்கினாள். விரலால் பலகையைத் தொட்டாள். விரல் மஞ்சளாக வந்தது, அடியில் தேன் நிறத்தில் கோடு தெரிந்தது.

"இன்னாடி இது?"

ஹேமாவதி கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தாள்.

"ஹேமா, உன்னத்தான் கேக்கறேன். எத்தினி வருசத்து மஞ்சள் இது! பொட்டு எங்க? யாரு சொரண்டினது?"

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சுத்தம் பண்ணக் குடுத்த எடத்துல தெரியாம…"

"சுத்தம் பண்ணவா? அவ இன்னா அழுக்கா கீறாளா?" அங்காளம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டது. "பொண்ணுக்குக் கல்யாணம். பெத்தவளை வெளிய அனுப்பிச்சு, தோலை உரிச்சு, பாலீஷ் போட்டு எட்டாந்து வெச்சுகீறே! ஏண்டா அரி, நீ இந்த வூட்லதானே கீறே?"

அரிகிருஷ்ணன் செங்கல், ஜல்லி வியாபாரி. லாரி டிரைவர்களிடம் அவர் போடும் சத்தத்தில் ஜங்ஷனே திரும்பிப் பார்க்கும். அக்காவிடம் மட்டும் அந்தச் சத்தம் எங்கோ போய்விடும். "அக்கா, நான் காலைல லோடு இறக்கப் போயிட்டேன்" என்றார்.

"அத்தை, நான்தான்…" என்று ஆரம்பித்த சூர்யாவை ஹேமாவதி பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தாரை வாக்கணுமாம் தாரை!" அங்காளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இனிமே அந்தப் பேச்சே இந்த வூட்ல எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன். பூவை எடுங்க, நேரம் ஆவுது."

அவ்வளவுதான். மூன்று வாரம் புகைந்தது மூன்று நிமிஷத்தில் அணைந்துவிட்டது. ஹேமாவதி சமையலறைக்குப் போய், கொழுக்கட்டைத் தட்டைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். அழுகை வந்தது. படையல் சோற்றில் கண்ணீர் விழக் கூடாது என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிஷா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. கையில் மருதாணி, தலையில் எண்ணெய். சமையலறை வாசல் வரை வந்தாள். ஹேமாவதியின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பம்பைக்காரர்கள் வந்தார்கள். குடத்துக்குத் தண்ணீர் எடுக்க அந்தக் காலத்தில் ஏரிக்குப் போவார்கள். இப்போது ஏரி கால் வைக்கும் நிலையில் இல்லை. அம்மன் கோயில் மோட்டாரைப் போடச் சொல்லி, குழாயில் பிடித்து, கற்பூரம் காட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பூவாடைக்காரி இதுவரை அதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

குடம் ஸ்டூலில் அமர்ந்தது. கொசுவம் வைத்துப் பட்டுப் புடவை சுற்றினாள் அங்காளம்மாள். மல்லிகை, கதம்பம், வேப்பிலை. ஏழு வகைப் பலகாரத்தோடு முன்னால் இலை. பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்க, பம்பைக்காரர் குடும்பத்துப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லோரும் அங்காளம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படையலிலும் அருள் அவள் மேல்தான் இறங்கும். இறங்கி, பெரும்பாலும் அங்காளம்மாளுக்குப் பிடிக்காத விஷயங்களைப் பற்றியே குறை சொல்லும்.

இந்தத் தடவை ஹேமாவதியின் பெயர் அடிபடும். அவள் கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று நின்றாள்.

"ஹே!" என்று ஒரு குரல்.

அங்காளம்மாளே திரும்பிப் பார்த்தாள். நிஷாவின் தலை சரிந்திருந்தது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. முதலில் இடது தோள் குலுங்கியது, அப்புறம் வலது, அப்புறம் இரண்டும்.

ஹேமாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடது தோளை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அத்தைக்கு அருள் வந்துபோன மறுநாளெல்லாம், நிஷா கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்கு அதை நடித்துக் காட்டுவாள். கதவிடுக்கில் பார்த்து ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அதே தோள், அதே வரிசை. எதிரில் சூர்யா தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் காது சிவந்திருந்தது.

"வந்துட்டியா தாயீ!" என்று அங்காளம்மாள் கை கூப்பினாள். "உம் பொண்ணு மேலயே வந்துட்டியா!"

"வந்துட்டேண்டி!" நிஷாவின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வராம யார்றீ வருவா?"

"உன் மஞ்சளை எடுத்துட்டாங்களேம்மா. நான் இன்னா பண்ணுவேன்…"

"எடுக்கல! நானே எடுத்துப் போட்டேன்!" நிஷா தலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். "கல்யாணத்துக்கு எல்லாரும் குளிச்சு முழுகி, பார்லர் போய்ட்டு வரீங்க. நான் மட்டும் இத்தினி வருசமா ஒரே மஞ்சளோட குந்திகினு கீறேன். மேலெல்லாம் அரிக்குதுடி! நான் குளிச்சுட்டு வரக் கூடாதா? சொல்லு, வரக் கூடாதா?"

பம்பைக்காரர் கை ஒரு அடி தவறியது. ஜெயவேலு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்காளம்மாளின் முகத்தில் கோபம் வந்தது, சந்தேகம் வந்தது, கடைசியில் பயம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. தடாலென்று விழுந்தாள்.

"தப்புதாம்மா! எங்க தப்புதான்! குளிச்சுட்டு வா தாயீ, நல்லா வா!"

ஹேமாவதி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று தெரியவில்லை. இந்தப் பெண் தனக்காக அடிக்கும் கூத்தைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அரிகிருஷ்ணனே எதிர்பாராமல் ஒரு அடி முன்னால் வந்தார். "லதா… தாரை… யாரு வார்க்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார். அக்காவின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"எம் பொண்ணுக்குத் தலை வாரி விட்ட கை எதுவோ, அந்தக் கை வாக்கட்டும். அதுக்குக் குறுக்க யாராவது வந்தீங்க, நான் மண்டபத்துக்கே வருவேன்!"

"யாரும் வரமாட்டோம்மா!" என்றாள் அங்காளம்மாள், தரையில் கிடந்தபடியே. எழுந்து, விபூதியை அள்ளி முதலில் ஹேமாவதியின் நெற்றியில் பூசினாள். வேண்டா வெறுப்பாகப் பூசவில்லை, நன்றாகத்தான் பூசினாள். "நீயே நில்லுடி. அவளே சொல்லிட்டா."

ஹேமாவதி கற்பூரத் தட்டோடு குனிந்து குடத்தைக் கும்பிட்டாள்.

இனி ஒரு கேள்வி பாக்கி. ஒவ்வொரு கல்யாணப் படையலிலும் கடைசியாகக் கேட்பது. பூவாடைக்காரி 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொல்வாள், கற்பூரம் ஏற்றுவார்கள், பந்தி போடுவார்கள். இதுவரை யாரும் மாற்றிச் சொன்னதில்லை. ஜெயவேலு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"அம்மா, மாப்பிள்ளை வூட்டுல உனக்கு ஒரு மனக்குறையும் இல்லியே? உம் பொண்ணை அந்த வூட்டுக்கு அனுப்ப உனக்குச் சம்மதம்தானே?"

பம்பை மெதுவாயிற்று. நிஷாவின் தோள்கள் நின்றன.

வாய் திறந்தது. மூடியது. முடிக்குள்ளிருந்து ஒரு கண் ஹேமாவதியைப் பார்த்தது. அந்தக் கண்ணில் புஷ்பலதா இல்லை, அத்தையைப் போல் நடிக்கிறவளும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்து மார்க்கை மறைத்துக்கொண்டு நிற்கிற நிஷா இருந்தாள்.

"சொல்லும்மா, சம்மதம்தானே?" என்றார் ஜெயவேலு மறுபடியும்.

நிஷா அப்படியே மடிந்து தரையில் சாய்ந்தாள்.

"மலையேறிட்டாங்க! கற்பூரம் காட்டுங்க!" என்றார் பம்பைக்காரர். பம்பை வேகமெடுத்தது. "குறை இருந்தா சொல்லியிருப்பா. திருப்தியாப் போயிட்டா" என்று அங்காளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ விசிறினார்கள். ஹேமாவதி கற்பூரத்தைக் காட்டி முடித்து, தட்டைக் கீழே வைத்து, நிஷாவைத் தாங்கிப் பிடித்து அவள் அறைக்கு அழைத்துப் போனாள்.

கட்டிலில் உட்கார்ந்ததும் நிஷா முடியை ஒதுக்கிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "எப்படிமா? அரிக்குதுன்னேனே, அது ஓவரா?"

"நல்லாத்தான் இருந்துச்சு." ஹேமாவதி அவள் முகத்தில் ஒட்டியிருந்த விபூதியைத் துடைத்துவிட்டாள். "கடைசியா மாமா கேட்டதுக்கு ஏண்டி பதில் சொல்லல?"

"அதான் மலையேறிட்டாங்களே."

"என்கிட்டயேவா?"

நிஷா மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"சம்மதம்னு சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன்மா. வரல. சும்மா நடிப்புக்குக்கூட வரல." விரலால் போர்வையின் நூலை இழுத்தாள். "இல்லன்னு சொல்லியிருப்பேன். சொன்னா கல்யாணம் நின்னுடும். அப்புறம் நீங்க எப்படிமா தாரை வார்ப்பீங்க? இப்பதானே குடுத்தாங்க உங்களுக்கு."

வெளியே பந்திப் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. "ஹேமா! எலையில சோறு ஆறுது. பொண்ணை இட்டுகினு வா!" என்று அங்காளம்மாள் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் ஹேமாவதியை அவ்வளவு வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை.

ஹேமாவதி எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறட்டும்" என்றாள். "நீ சொல்லு."